சிட்னி விமானமும் நான் போட்ட தப்பு நம்பரும்

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் லேண்ட்லைன் போன் என்பது ஏறக்குறைய அலங்காரப் பொருள். அது அடித்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், யார் எடுப்பது என்று. போன வருட மழைக்காலத்தில் ஒரு நாள், இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு அது அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏம்மா, நெட்டுல படகு நம்பர்னு போட்டிருக்கிறது நீங்கதானா? சாயங்காலத்துலேர்ந்து என் போனுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் திருவண்ணாமலைப் பக்கம், தையக்கடை வச்சிருக்கேன். எங்கிட்ட ஏதும்மா படகு?"

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அன்று மாலை சென்னையின் பல பகுதிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மீட்புப் படகுக்கான உதவி எண்களை ஒரு கார்டாகப் போட்டு எல்லா சோஷியல் மீடியாவிலும் ஏற்றியிருந்தோம். அந்தக் கார்டைத் திறந்து, அரசு அனுப்பிய செய்திக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 37 என்று முடிய வேண்டிய எண், 73 என்று முடிந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்கக்கா, தப்பா போட்டுட்டோம். இப்பவே மாத்திடறோம்" என்றேன்.

"அது கெடக்கட்டும். கூப்பிட்டவங்க பேரு, தெரு, நம்பரெல்லாம் பையனோட ரஃப் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பாவம், தண்ணில நிக்கிறாங்க. நான் சொல்றேன், நீ எழுதிக்க."

ஏழு பேர். ஒருவர் டயாலிசிஸ் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கும் பெரியவர். ஒரு வீட்டில் கைக்குழந்தை. நான் ஒவ்வொருவராக அழைத்துச் சரியான எண்ணைக் கொடுத்தேன். ஆறு பேர் எடுத்தார்கள். ஏழாவது எண் ஸ்விட்ச் ஆஃப். நள்ளிரவிலும் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் காலையிலும்.

தப்பு எப்படி நடந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். வழக்கமாக எங்கள் டிசைனர் அண்ணன் எண்களை டைப் செய்வார், நான் செய்திக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பேன். அன்று அவர் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். அதனால் நான் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் வீட்டிலிருந்தே கார்டு செய்து திருப்பி அனுப்பினார். நான் அனுப்பிய மெசேஜோடு அவர் அனுப்பிய கார்டை எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? என் தப்பைத்தானே அவர் அழகான எழுத்தில் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்!

கார்டை மாற்றினோம். "மாத்தியாச்சுல்ல, விடு" என்றார் அண்ணன். விட்டேன். 'முன்பு வெளியான எண் தவறு' என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் பழைய கார்டு அதற்குள் எத்தனை குடும்ப குரூப்புகளுக்குப் போய்விட்டதோ. போடவில்லை. எடிட்டரிடமும் சொல்லவில்லை. ஏழாவது எண்ணைப் பற்றி அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, பிளஸ் டூ ரிசல்ட் சமயம். எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மேற்படிப்பு ஆலோசனைக்கான உதவி எண் கார்டு போட்டாள். அதிலும் ஓர் எண் மாறிவிட்டது. கோயம்புத்தூரில் ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவருக்குக் காலை முதல் மாணவர்கள் போன் செய்து, "சார், 480 மார்க்குக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மதியம் வரை பதில் சொல்லியிருக்கிறார் என்பது தனிக்கதை.

மீட்டிங்கில் எடிட்டர் கத்திவிட்டார். "ஒரு நம்பரை ஒழுங்கா பாத்து டைப் பண்ணத் தெரியாதா? செக் பண்ணியா, இல்லையா?"

"பண்ணேன் சார். நான் அனுப்பின மெசேஜோட கார்டை வச்சு ரெண்டு தடவை பாத்தேன் சார்."

அவள் கண் கலங்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் எடிட்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "சிட்னியிலேர்ந்து கோலாலம்பூர் கிளம்பின ஃப்ளைட் மெல்போர்ன்ல போய் இறங்குச்சே, அதை எழுது. பழசுதான், ஆனா ஓடும். அறுநூறு வார்த்தை போதும்." தாம்பரம் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இந்தச் சம்பவம் குறித்து 2016-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையை போனில் திறந்தேன். 'பைலட் தூங்கிட்டாரா?' என்கிற ரேஞ்சில் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

2015 மார்ச் 10. ஏர்ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் சிட்னியில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. வழக்கமாக கேப்டன் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்த்துப் பரிசோதிப்பார், துணை விமானி காக்பிட்டில் கம்ப்யூட்டர்களைத் தயார் செய்வார். அன்று கேப்டனிடம் இரைச்சலுக்காகக் காதில் மாட்டும் பாதுகாப்புச் சாதனம் இல்லை. "நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று துணை விமானி இறங்கிப்போக, அவருடைய காக்பிட் வேலையை கேப்டன் செய்தார். இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நான் போனை மடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லாவரம் போனதுகூடத் தெரியவில்லை.

விமானத்தில் ஒரு வழிகாட்டிக் கருவி இருக்கிறது. கிளம்பும் முன் 'நீ இப்போது இந்த இடத்தில் நிற்கிறாய்' என்று அதற்குச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒவ்வோர் அசைவையும் அதுவே கணக்குப் போட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வரும். முதல் பட்டனை மாற்றிப் போட்ட சட்டை மாதிரிதான். ஆரம்பம் தப்பினால் கடைசிவரை தப்பு.

விமானம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை காக்பிட் ஜன்னலுக்கு வெளியே ஒரு போர்டில் எழுதியிருக்கும். கேப்டன் அதைப் பார்த்துக் கையால் உள்ளிட்டார். தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடம் கிழக்கு என்பதற்கு எண்களை 15109.8 என்று வரிசையாக அடிக்க வேண்டும். உள்ளே போனது 01519.8. அதாவது 15 டிகிரி 19.8 நிமிடம். அடிக்கும்போது பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால், இரண்டு இடங்களுக்கும் நடுவே 11,000 கிலோமீட்டருக்கு மேல். விமானம் நின்றது சிட்னியில். அது நம்பியதோ, தான் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும் மேற்கே அட்லாண்டிக் கடலில் இருப்பதாக.

விமானம் மேலே ஏறும்போது விமானி கண்ணால் பார்த்துத் திருப்புவதில்லை. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் 'இன்ஸ்ட்ருமென்ட் டிபார்ச்சர்' என்று ஒரு புறப்பாட்டுப் பாதை வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த உயரம் வரை நேராகப் போ, பிறகு இந்தத் திசைக்குத் திரும்பு, இந்தப் புள்ளியை இத்தனை அடிக்கு மேல் கடந்து போ என்று எல்லாம் அதில் இருக்கும். அதை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ஆட்டோபைலட் அதன்படி ஓட்டும். சிட்னியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இணை ஓடுபாதைகள். ஒன்றிலிருந்து கிளம்பும் விமானம் மற்றதன் வழியில் குறுக்கிடக் கூடாது என்பதால், அங்கே அந்தக் கோடுதான் பாதுகாப்பு.

தப்பைப் பிடிக்க வாய்ப்புகள் இருந்தன. அதுவும் ஒன்றிரண்டு அல்ல. கிளம்புவதற்கு முன்பே திரையில் தகவல்கள் வந்தன, எச்சரிக்கை ஒலி கேட்டது. ஒவ்வொன்றும் கவனிக்கப்படாமலோ, அர்த்தம் புரியாமலோ கடந்துபோனது. விமானம் மேலே எழுந்து ஆட்டோபைலட்டை இயக்கிய பிறகுதான் கோளாறு தெரிந்தது. அது தன் பாட்டுக்கு இடதுபுறமாகத் திரும்பி, பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கான பாதையைக் குறுக்கே கடந்தது. அந்த நேரத்தில் அந்தப் பாதையில் இன்னொரு விமானம் ஏறிக்கொண்டிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பரிச்சயமாகப் பட்டது. பரபரப்பில் கோளாறைச் சரிசெய்யப் பார்த்தார்கள். செக்லிஸ்ட்டில் இந்த மாதிரி நிலைமைக்குத் தெளிவான வழி இல்லை. ஏதேதோ சுவிட்சுகளைப் போட்டு அணைக்க, வேலை செய்துகொண்டிருந்த கருவிகளில் சிலவும் போயின. சிட்னிக்கே திரும்பலாம் என்றால் அங்கே மேகம் தாழ இறங்கிவிட்டது. கண்ணால் பார்த்து இறங்குமளவுக்கு வானம் தெளிவாக இருந்தது மெல்போர்னில். அங்கே இறங்கினார்கள். யாருக்கும் காயம் இல்லை. கையால் அடித்த எண் தப்பாக இருந்தால் தானே திருத்திக்கொள்ளும் புதிய வசதி அப்போதே வந்துவிட்டது. அந்த விமானத்தில் அது பொருத்தப்படவில்லை.

இரவு வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அந்த பைலட்டை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் தேடினேன். ஆனால், அந்த அறிக்கையில் கேப்டனின் பெயரே கிடையாது. யார் குற்றவாளி என்று சொல்வது தங்கள் வேலை இல்லை என்பது அந்த அமைப்பின் கொள்கை. என்ன நடந்தது, ஏன் யாரும் கவனிக்கவில்லை, அடுத்த முறை நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அறுநூறு வார்த்தைக்கு இதுவே போதும். ஆனால், எனக்கு விட மனசில்லை. இந்த மாதிரித் தப்பு வேறு எங்கெல்லாம் நடந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

1983 ஆகஸ்ட் 31 அன்று, கொரியன் ஏர் 007 விமானம் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பியது. வழிகாட்டிக் கருவியோடு இணைந்து பறக்க வேண்டிய ஆட்டோபைலட், 'இந்தத் திசையிலேயே போ' என்கிற நிலையில் நின்றுவிட்டது என்பதுதான் பிற்பாடு சர்வதேச விசாரணையில் தெரிந்தது. காக்பிட்டில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல விலகி சோவியத் எல்லைக்குள் போக, அவர்களுடைய போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அடுத்த மாதத்தில்தான் அமெரிக்க அதிபர் ரீகன், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ் தயாரானதும் அதைப் பொதுமக்கள் விமானங்களுக்கும் கொடுப்போம் என்று அறிவிக்க வைத்தார். இன்று நம் போன் மேப்பில் நகரும் நீலப் புள்ளிக்குப் பின்னால் இப்படி ஒரு துக்கமும் இருக்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு விபத்து. அது கிளம்பும்போது நடந்ததில்லை, இறங்கும்போது நடந்தது. 1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ 514 என்ற விமானம் வாஷிங்டன் அருகே டலஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தரையிறங்கும் பாதைக்குக் கட்டுப்பாட்டு அறை அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி வந்தாலே 1,800 அடிக்கு இறங்கிவிடலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். நடுவில் ஒரு மலை இருந்தது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் தெரியவந்த விஷயம் இது. ஆறு வாரங்களுக்கு முன்பு, யுனைடெட் நிறுவன விமானம் ஒன்றின் விமானிகளும் அதே இடத்தில், அதே அனுமதியை அதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு இறங்கியிருக்கிறார்கள். மயிரிழையில் மலையில் மோதாமல் தப்பியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்தில் அதைச் சொன்னார்கள். நிறுவனம் தன்னுடைய விமானிகளை எச்சரித்தது. டி.டபிள்யூ.ஏ விமானிகளுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

யுனைடெட் விமானிகளாவது தங்கள் ஆபீஸில் சொன்னார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு 1976-ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானி, கட்டுப்பாட்டு அறை ஊழியர், மெக்கானிக் என்று யார் வேண்டுமானாலும் தான் செய்த தப்பை எழுதி அனுப்பலாம். அது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறைக்குப் போகாது, நாசாவுக்குப் போகும். நாசா பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். வேண்டுமென்றே செய்யாத தப்பு, குற்றச்செயலோ விபத்தோ இல்லை என்றால், பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியவருக்கு விமானத் துறை அபராதம் போடாது, லைசென்ஸையும் நிறுத்தி வைக்காது. இதிலிருந்து மாதாமாதம் ஒரு சின்ன இதழ் வருகிறது. அதன் பெயர் 'கால்பேக்'. போன் நம்பரைத் தப்பாகப் போட்டவளுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் குத்தியது.

அந்த அறிக்கைகளில் புறப்பாட்டுப் பாதைத் தப்புகள் அடிக்கடி வருகின்றன. கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறியது, கம்ப்யூட்டரில் பழைய பாதையே இருந்தது. கேட்ட மாதிரியே பெயருள்ள வேறொரு பாதையை ஏற்றிவிட்டோம். நான் சொன்னதை அவர் சரிபார்த்தார், அவர் சரி என்றதும் நான் நம்பிவிட்டேன். எல்லாம் இருபது வருட அனுபவம் உள்ளவர்கள் பேசும் பேச்சு. யாரும் 'எனக்கு டைப் பண்ணத் தெரியாது' ரகம் கிடையாது. செய்தவர் தன் கையால் எழுதியதால்தான் இதெல்லாம் வெளியே தெரிகிறது. இல்லையென்றால் எத்தனையோ 'மாத்தியாச்சுல்ல, விடு'களில் ஒன்றாகப் போயிருக்கும்.

என்னைச் சுற்றி அப்படி ஒரு நாசா இல்லை. இருந்தது எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் அதில் எழுதினேன். மழை நாள், 37, 73, நானும் அண்ணனும் வேலையை மாற்றிக்கொண்டது, என் மெசேஜோடு கார்டை ஒப்பிட்டது, தையல்கடை அக்கா, ஏழு அழைப்புகள். அனுப்பும்போது கை நடுங்கியது என்று எழுதினால் சினிமாத்தனமாக இருக்கும். இரண்டு முறை டெலீட் செய்துவிட்டு மூன்றாவது முறை அனுப்பினேன், அவ்வளவுதான்.

எடிட்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏன்மா, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"பயம் சார்."

"அந்த ஏழாவது ஆள்?"

"தெரியல சார். அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தேன்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத மாதிரி. மதிய மீட்டிங்கில் அதை அவளிடமே சொன்னார். உதவி எண் எது போட்டாலும், கார்டில் உள்ள எண்ணையே பார்த்து போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்று புதிதாக ஒரு வழக்கம் வந்தது. மெசேஜையோ செய்திக்குறிப்பையோ பார்த்து டயல் செய்யக் கூடாது. விமானிகளிடமிருந்து நான் திருடியது அவ்வளவுதான். தப்பு நடந்த வழியிலேயே போய்த் தேடினால் தப்பு கிடைக்காது, வேறு வழியாகப் போக வேண்டும்.

அந்தப் பெண் என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான். மூன்றாவது நாள் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல நீங்க என்னைப் பார்க்கவே இல்ல."

"ஆமா."

"எனக்கு அப்பவே தோணுச்சு, ஏதோ இருக்குன்னு." டீயை உறிஞ்சினாள். "டீக்கு நீங்கதான் காசு குடுக்கணும்."

கொடுத்தேன்.

போன வாரம் வெயில் கால மருத்துவ உதவி எண்கள் என்று ஒரு கார்டு. அவள்தான் போட்டாள். கார்டை ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து டயல் செய்தாள். முதல் மூன்று எண்கள் சரி. நான்காவது எண்ணில் ஒரு பெரியவர் எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இது மருத்துவ உதவி எண்தானே?"

"இல்லம்மா, இது மாவு மில்லு."

செய்திக்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். கார்டும் குறிப்பும் ஒரே எண். இந்த முறை தப்பு அங்கேயே இருந்தது.